நாற்பத்தோராவது கேள்வி

சாந்தோமில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் மர்சலின் டீச்சர் பத்தொன்பது வருஷமாகக் கணக்கும் தையலும் சொல்லிக்கொடுத்து வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. யாராவது லீவு போட்டால் அவர்கள் வகுப்பையும் சேர்த்துப் பார்ப்பாள். பூசைப் பீடத்துக்குத் துணி தைக்க வேண்டுமா, மர்சலின். ஜுரம் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமா, அதற்கும் மர்சலின்தான். சாயங்காலம் நான்கரை மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு, மாதா கோவிலுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டுக்குப் போவாள். அம்மா செத்துப் போன பிறகு ஆறு வருஷமாக அங்கே அவள் ஒருத்திதான். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக் காவல்காரர் கேட்டைத் திறந்து "ஸ்தோத்திரம் டீச்சரம்மா" என்று சொல்லும்வரை அவளோடு பேச ஆள் கிடையாது.

1933ஆம் வருஷம் ஜனவரியில் ராமானுஜம் என்பவர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மயிலாப்பூர்க்காரர், லண்டனில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்து, டீச்சர்களைத் தயார் செய்யும் கல்லூரியில் வேலை பார்த்தார். மனிதர்கள் மொத்தம் நான்கே வகை என்பது அவர் கட்சி. அந்த நான்குக்கும் நெருப்பு, காற்று, மண், நீர் என்று பெயர் வைத்திருந்தார்.

"நெருப்பு மனுஷாளுக்கு ஜெயிக்கணும்," என்றார், பதினான்கு டீச்சர்களையும் உட்காரவைத்து. "காத்து மனுஷாளுக்குக் கூட்டம் வேணும், சிரிப்பு வேணும். மண் மனுஷா எதையும் மறக்க மாட்டா, மனசுலயே வெச்சுண்டு துக்கப்படுவா. நீர் மனுஷாளுக்கு ஒண்ணுமே வேண்டாம், நிம்மதியா விட்டாப் போதும். யாருக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுட்டா, யாரை எந்த வேலையில வைக்கலாம்னும் தெரிஞ்சுடும்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பள்ளிக்கூடத் தலைவியான மதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜூன் மாதம் அடையாற்றங்கரையில், மீனவர் குப்பத்துக்குப் பக்கத்தில், கிளைப் பள்ளிக்கூடம் ஒன்று திறப்பதாக இருந்தது. ஒரே டீச்சர். அங்கேயே தங்க வேண்டும். யாரை அனுப்புவது என்று தெரியாமல் மதர் இரண்டு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம், நம்பர் மட்டும் போதும். நாற்பது கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். நாற்பத்தோராவது கேள்விக்கு மட்டும் ஓரிரு வரி எழுத வேண்டும்: 'ஓய்வு கிடைத்தால் என்ன செய்வீர்கள்?'

மர்சலின் தன்னைப்பற்றி மற்றவர்கள் என்ன சொல்வார்களோ அதையே யோசித்து யோசித்துக் குறித்தாள். தனிமை உங்களுக்குப் பிடிக்குமா? ஆம். பிறர் சொல்வதை மறுக்கத் தோன்றுமா? இல்லை. கடைசிக் கேள்விக்கு 'தைப்பேன்' என்று எழுதினாள். உண்மையில் அவள் ஜன்னலருகே உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை எப்படி எழுதுவது?

கணக்கு டீச்சர் என்பதால் தாள்களின் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடும் வேலையும் அவளுக்கே வந்தது. சனிக்கிழமை மத்தியானம், ஆளில்லாத வகுப்பறையில் உட்கார்ந்து கூட்டினாள். நம்பர் போட்டிருந்தால் என்ன? எல்லோருடைய கையெழுத்தையும் வருஷக்கணக்காக வருகைப் பதிவேட்டில் பார்த்தவள் அவள். ஒன்பதாம் நம்பர் பியாட்ரிஸ் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

பாட்டு டீச்சர் பியாட்ரிஸுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் இருக்கும். புருஷன் ராஜநாயகத்துக்கு ரங்கூனில் கப்பல் கம்பெனியில் உத்தியோகம். அங்கிருந்து வரப்போகிற பட்டு, குடை, பொம்மை என்று கதை கதையாகச் சொல்வாள். அவள் தாளைக் கூட்டிப் பார்த்தால் சுத்தமான காற்று வகை, நாற்பதுக்கு முப்பத்திரண்டு. அதற்குக் கீழே, மதிப்பெண் இல்லாத அந்தக் கேள்விக்கு எதிரில், சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது: 'கேட்டைப் பூட்டும் வரை பள்ளிக்கூடத்திலேயே இருப்பேன். வீட்டுக்குப் போனால் கடிகாரச் சத்தம் கேட்கும்.'

மர்சலின் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். தன் வீட்டுக் கடிகாரத்தை அவள் நான்கு வருஷத்துக்கு முன்பே சாவி கொடுக்காமல் நிறுத்திவைத்திருந்தாள்.

அடுத்த வாரம் மதர் அவளைக் கூப்பிட்டார். எந்த நம்பர் யாருடையது என்ற குறிப்பு அவரிடம் மட்டும் இருந்தது. மங்களூர்க்காரர், தமிழைப் புத்தகம் போலப் பேசுவார். "மர்சலின், நீ நீர் வகை என்று வந்திருக்கிறது. தனிமையே உனக்கு விருப்பம் என்று இருக்கிறது. கடவுளே வழி காட்டிவிட்டார். ஜூன் மாதம் அடையாற்றுக்கு நீ போவாய் அல்லவா?"

"போறேன் மதர்," என்றாள்.

புதன்கிழமை அரைநாள் விடுமுறை. எதற்கென்று தனக்கே சரியாகப் புரியாமல் மர்சலின் குடையை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் லஸ் பக்கம் நடந்தாள். பியாட்ரிஸ் வீடு தெரியும், உள்ளே போனதில்லை. கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்த பியாட்ரிஸின் முகம் வேறு யாருடைய முகமோ போலிருந்தது. மர்சலினைப் பார்த்ததும் சட்டென்று சிரிப்பு வந்து ஏறிக்கொண்டது.

"அடடே, மர்சலின் டீச்சரா! வாங்க வாங்க. இப்பதான் நினைச்சேன், யாராவது வரமாட்டாங்களான்னு."

கூடத்தில் நாலு நாற்காலி, துடைத்துப் போட்டபடி இருந்தது. காபி வந்தது. பியாட்ரிஸ் ரங்கூன் கதையை ஆரம்பித்தாள். அவர் புது வீடு பார்த்திருக்கிறாராம், ஈஸ்டருக்கு வருகிறாராம். சுவரில் கடிகாரம் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மர்சலினால் பொறுக்க முடியவில்லை.

"பியாட்ரிஸ், என்கிட்ட நீ சிரிச்சுக்கிட்டே இருக்கணும்னு இல்லம்மா. எனக்கும் வீட்டுக்குப் போகப் பிடிக்காது."

பியாட்ரிஸ் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "என்ன சொல்றீங்க?"

"நீ எழுதினதைப் பார்த்தேன். அந்தக் கடைசிக் கேள்விக்கு."

"என் பேப்பரைப் படிச்சீங்களா? பேர் இல்லைன்னுதானே எழுதினேன்!" குரல் ஏறிற்று. "உங்களுக்குப் பரிதாபப்பட ஒரு ஆள் வேணும்னா நான்தான் கிடைச்சேனா? சாது சாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. சாதுவா இருந்துக்கிட்டு ஊர்ல இருக்கறவங்க மனசையெல்லாம் தோண்டிப் பார்க்கறீங்க."

மர்சலின் மன்னிப்புக் கேட்டாள். பியாட்ரிஸ் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஐந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு மர்சலின் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாளிலிருந்து பியாட்ரிஸ் அவள் இருக்கும் பக்கம் உட்காரவில்லை.

பிப்ரவரியில் தாள்களை வாங்கிப் போக ராமானுஜம் வந்தார். மர்சலின் அவரை வராந்தாவில் நிறுத்தினாள். தானாகப் போய் ஒருவரை நிறுத்திப் பேசியது அவளுக்கே புதிது.

"சார், என்ன செய்வீங்கன்னு நாப்பது கேள்வி கேட்டீங்க. ஏன் செய்யறீங்கன்னு ஒண்ணுகூடக் கேட்கலையே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன்னு கேட்டா ஜனங்க பொய் சொல்லுவாம்மா. செய்யறதைக் கேட்டா நிஜத்தைச் சொல்லிடுவா."

"நான் அதுலயும் பொய்தான் சொன்னேன் சார். எல்லாத்துக்கும் சரின்னு சொல்றேன், வாஸ்தவம். நிம்மதிக்காக இல்லை. மாட்டேன்னு ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்களேன்னு பயம். கூட்டத்துல சிரிச்சுப் பேசறவங்களும் கூட்டம் பிடிச்சுத்தான் சிரிக்கறாங்கன்னு எப்படி எழுதுவீங்க?"

ராமானுஜம் நல்ல மனிதர்தான். கையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "இதையெல்லாம் எப்படி மதிப்பெண் போடறதுன்னு எனக்குத் தெரியலையே," என்று கடைசியில் சொல்லிவிட்டு, தாள் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

அதே தைரியத்தோடு மதரிடமும் போனாள். "மதர், எனக்குத் தனியா இருக்கப் பிடிக்காது. அடையாறு வேண்டாம்."

மதர் அவளை வினோதமாகப் பார்த்தார். "பத்தொன்பது வருஷமாக நீ இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லையே, மகளே." பிறகு மெல்ல, "மேலிடத்துக்கு உன் பெயரை எழுதிவிட்டேன். இப்போது மாற்றினால் நன்றாக இராது. ஒரு வருஷம் பொறுத்துக்கொள்," என்றார்.

ஜூனில் மர்சலின் ஆற்றைத் தாண்டிப் போனாள். ஓடு வேய்ந்த ஒரே கட்டடம். முன்பக்கம் வகுப்பு, பின்பக்கம் அவள் அறை. பகலில் முப்பத்தைந்து பிள்ளைகளின் இரைச்சல். அவர்கள் ஓடிப்போன பிறகு சவுக்குத் தோப்பில் காற்று வீசும் சத்தம் மட்டும்தான். முதல் மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மீன்கூடையோடு அந்த வழியாகப் போகும் கங்கம்மா ஒருநாள் நின்று கேட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, ஒண்டியா கீறியே, பயமா இல்லியா?"

எத்தனையோ பேர் கேட்டு, எத்தனையோ தடவை 'அதெல்லாம் இல்லை' என்று சொன்ன கேள்விதான். அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "பயமாத்தான் இருக்கு கங்கம்மா," என்றாள்.

"அத்த வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்று கங்கம்மா கூடையை இறக்கிவைத்துப் படியில் உட்கார்ந்தாள். வெற்றிலை போட்டு முடிக்கும்வரை இருந்தாள். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அப்படி உட்கார்ந்துவிட்டுப் போவாள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவள் எழுந்து போனதும் பழையபடி காற்றுச் சத்தம்.

டிசம்பர் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் விட்ட நேரம், ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. பியாட்ரிஸ் இறங்கினாள். இளைத்திருந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்: "அவர் அங்க வேற ஒருத்தியோட இருக்காராம் அக்கா. ரெண்டு வயசுல பிள்ளை இருக்காம். பள்ளிக்கூடத்துல யார்கிட்டயும் சொல்லலை. அடுத்த ஈஸ்டருக்கு வர்றார்னுதான் இன்னும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

மர்சலின் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். பியாட்ரிஸ் அழவில்லை. பிள்ளைகள் உட்காரும் பாயில் சுவரில் சாய்ந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் இருந்தாள். மர்சலினும் பக்கத்திலேயே இருந்தாள். கடைசியில் பியாட்ரிஸ் எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "மறுபடி வருவேனான்னு தெரியாதுக்கா. உங்களைப் பார்த்தா எல்லாம் நிஜமாயிடுது," என்றாள்.

வண்டிவரை கூட நடந்தாள் மர்சலின். பியாட்ரிஸ் ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரர் அக்பர் பாஷா ஏதோ கேட்டார். அவள் அதற்கு என்னமோ பதில் சொல்லிச் சிரித்தாள். பாலத்துப் பக்கம் வண்டி திரும்பும்வரை அந்தச் சிரிப்பு கேட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. மர்சலின் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, விளக்கை ஏற்றி, தனக்கு மட்டும் அரிசி களைந்து உலை வைத்தாள்.