ஈரச் சீவல்

ஐலா கடப்பாரையைச் சீவல் குவியலுக்குள் மூன்றாம் முறையாகக் குத்தினாள். ஈரத்தோடு வந்து இறங்கிய மரச்சீவல் மைனஸ் இருபத்தாறு குளிரில் பாறையாக இறுகி, கொதிகலனுக்குச் சீவல் தள்ளும் திருகுத் தண்டை அடைத்திருந்தது. மேல்தட்டு பிளந்ததும் உள்ளிருந்து பூஞ்சணத் தூள் சாம்பலாய்க் கிளம்பியது. மூச்சை அடக்கிக்கொண்டு திருகுத் தண்டை விடுவித்தாள். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

பள்ளிக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஊர் மண்டபத்துக்கும் அந்தக் கொதிகலன்தான் சூடு. பதினொரு வருஷமாக அவள் அதை அணையவிட்டதில்லை. ஊராட்சி மலிவான ஆளிடம் சீவல் வாங்கத் தொடங்கிய இந்தக் குளிர்காலத்தில்தான் அவளுக்குச் சாயங்காலக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தன.

"பூஞ்சணத்தூள் நுரையீரலைப் புண்ணாக்கிடுச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, லாஸ்ஸே. மாஸ்க் இல்லாம உள்ள கால் வைக்கக் கூடாதாம்."

ஊராட்சியின் கட்டடப் பொறுப்பாளன் லாஸ்ஸே கைப்பேசியிலிருந்து தலை தூக்கினான். அவளைவிட இருபது வயது இளையவன்.

"எழுதிப் போட்டிருக்கேன் ஐலா. வந்துடும்."

"நவம்பர்லயும் இதையேதான் சொன்னே. வர்றதுக்குள்ள நான் போயிடுவேன் போலிருக்கு."

"சும்மா இருங்க. வியாழக்கிழமை பக்கத்து ஊர்க்காரங்க நம்ம கொதிகலனைப் பாக்க வர்றாங்க. கொஞ்சம் கூட்டிப் பெருக்கி வைங்க."

வியாழனன்று எட்டுப் பேர் வந்தார்கள். லாஸ்ஸே புதுப் பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்தான். பெட்டி காலியானது.

"இவங்களுக்கு?" என்று சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட பெண் கேட்டாள்.

"இவங்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு," என்று அவன் சிரித்தான்.

ஐலா கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக் கிடங்குக் கதவைத் திறந்தாள். அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். மரம் நம்ம காட்டு மரம், எண்ணெய்ச் செலவே கிடையாது என்று லாஸ்ஸே விளக்கினான். கால் மணி நேரத்தில் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி வாசல் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, காப்பிக்கும் ஏலக்காய் ரொட்டிக்கும் மண்டபத்துக்குப் போனார்கள்.

"அடடா, என்னமா கதகதன்னு இருக்கு!" என்று யாரோ கோட்டைக் கழற்றியபடி சொன்னது மண்டபத்தின் திறந்த கதவு வழியே கேட்டது.

கொதிகலனின் கட்டுப்பாட்டுப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. திருகுத் தண்டு மறுபடியும் நின்றிருந்தது.

ஐலா குப்பைக்கூடையருகே குனிந்தாள். கிழியாத மாஸ்க் ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். உள்பக்கம் யாரோ ஒருத்தியின் உதட்டுச்சாயம் ஒட்டியிருந்தது. அதைச் சட்டை ஓரத்தால் துடைத்தாள். முழுதாகப் போகவில்லை. முகத்தில் மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டு, கடப்பாரையோடு உள்ளே போனாள்.