மூன்றாவது அடி

அன்று பூச்சோங் மதகடியில் நின்றவர்கள் மூவர்: மதகுக்காரர் நாகையா, மின்சார நிலையத்து மேற்பார்வையாளர் சிவசம்பு, சோற்றுத் தூக்குடன் வந்த பவுனம்மாள். கீழே வாய்க்காலில் சேறு வாரியவர்களும் மூவர்: கன்னையா, வாசு, நாகையாவின் தம்பி சின்னையா. பவுனம்மாள் சின்னையாவின் மனைவி. வேறு யாரும் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் பிறகு ஓடி வந்தவர்கள்.

மழை பொய்த்து நான்காவது மாதம். ஆறு முழங்காலுக்கு இறங்கிவிட்டது. இருந்த தண்ணீரை நேரம் வகுத்துப் பங்கிட்டார்கள். காலை ஆறிலிருந்து பகல் பன்னிரண்டு வரை மண்ணைக் கரைத்து ஈயம் எடுக்கும் லம்பத்துக்கு. பிறகு மின்சார நிலையத்துக்கு. லம்பத்தின் முறை நடக்கும்போது நிலையத்து வாய்க்கால் காய்ந்து கிடக்கும். சேறு வாருவது அப்போதுதான். கரையேறும் ஒவ்வொருவனும் அங்கே தொங்கும் தண்டவாளத் துண்டை ஒரு முறை அடிக்க வேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று அடி. அந்தக் கணக்கு நிறையாமல் பதினான்கு வருஷத்தில் நாகையா அந்த வாய்க்காலை மறிக்கும் மதகுப் பலகை ஒன்றையும் தூக்கியதில்லை.

போன வாரம் சின்னையா ஏறத் தாமதித்தான். நாகையா பத்து நிமிஷம் பொறுத்தார். நிலையத்தில் எந்திரம் நின்றது. தம்பிக்காகத் தண்ணீரை மறித்தார் என்று துரைக்குப் புகார் போயிற்று. பிரிக்பீல்ட்ஸில் செருப்புத் தைப்பவன்வரை அதைப் பேசினான். நாகையாவின் செத்துப்போன தகப்பன் பெயரையும் சேர்த்துப் பேசினான். அன்றிலிருந்து நாகையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் வாய்க்கால் வளைவுக்கு அப்பாலிருந்து ஓர் அடி கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நாகையா லம்பத்துப் பக்கம் பலகைகளை இறக்கினார். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

சிவசம்பு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னிரண்டு. என்ன நாகையா, இண்டைக்கும் தம்பியார் வெத்திலை போட்டு முடியுமட்டும் ஆறு காத்திருக்கவேணுமோ?”

“மாமா, ரெண்டுதான் கேட்டுச்சு. அவரு இன்னும் ஏறல” என்றாள் பவுனம்மாள்.

“சோத்துத் தூக்க வச்சிட்டுப் போ. பொம்பளைக்கு மதகுல என்ன பேச்சு?” என்றார் நாகையா.

“ரோட்டுக்கு அடியில சேறு வாருறேன்னு சொன்னாரு மாமா. அங்கேருந்து தவழ்ந்துதான் வரணும். இன்னொரு அடி கேக்கட்டும். கால்ல விழறேன்.”

அவள் விழுந்தேவிட்டாள். சிவசம்புவின் முகம் மாறியது. “சரி, சரி. ஒரு நிமிஷம் பொறும். இதை நான் எழுதமாட்டன்.”

போன வாரம் புகார் எழுதியவரும் இவர்தான். நாகையா காலை உதறிக்கொண்டார்.

“உங்க தயவுல மதகு காக்கிற குடும்பம் இல்லீங்க நாங்க” என்று சொல்லி, சங்கிலியைப் பிடித்து முதல் பலகையைத் தூக்கினார். இரண்டாவதையும் தூக்கினார். இரு பக்கமும் மறிபட்டு ஏறி நின்ற தண்ணீர் வாய்க்காலில் இரைந்துகொண்டு போயிற்று.

கன்னையா கத்திக்கொண்டே வளைவில் ஓடி வந்தான். பலகைகளை மறுபடி இறக்கித் தண்ணீர் வடிய அரை மணி ஆயிற்று. சாலைக்கு அடியில், குப்பையை மறிக்கும் இரும்புக் கம்பிகளோடு ஒட்டிக் கிடந்தான் சின்னையா. சேற்றுக்கூடை இன்னும் தோளில் மாட்டியிருந்தது. நிலையத்துக்கு அன்று முழுக்கத் தண்ணீர் போகவில்லை.

நாகையா கள் மயக்கத்தில் இருந்தார், அடிகளைத் தப்பாக எண்ணிவிட்டார் என்று கிள்ளான்வரை ஒரு பேச்சு உண்டு. அது பொய். அந்தக் குடும்பத்தில் கள்ளைத் தொட்டவர் கிடையாது. அடி விழுந்தது இரண்டு. அவர் எண்ணியதும் இரண்டுதான்.