மிதிபட்ட கம்பி

மாடியில் பால்கனிக்குக் கான்கிரீட் போட்ட அன்று தையற்காரர் கடையைத் திறக்கவில்லை. வாசலில் தகரம் விரித்து, ஜல்லியும் மணலும் சிமெண்டும் கொட்டி, இரண்டு ஆட்கள் மண்வெட்டியால் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நின்று இவர் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்தான் யாரும் இல்லை.

இருபத்தாறு வருஷமாக டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிற மனிதர். நல்ல வேலைக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தப்பு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. சட்டை இறுக்குகிறது என்று யாராவது வந்து நின்றால், "அளவு சரியாத்தாங்க இருக்கு. நீங்கதான் கொஞ்சம் சதை போட்டுட்டீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். போகிறவர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே போவார்.

மேலே பலகை அடித்து, கீழே தெருவிலிருந்து முட்டுக் கொடுத்து, பால்கனிக்குக் கம்பி கட்டியிருந்தது. கொத்தனார் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அண்ணே, கைய முன்னால நீட்டுங்க. உள்ளங்கைல ஒரு செங்கல்ல வெச்சா எங்க இழுக்கும்?"

"தோளுக்கு மேல."

"அதேதான். பால்கனியும் நீட்டின கைதான். அதோட உசுரு மேல் கம்பியில இருக்கு. அதுக்குத்தான் இந்தச் சின்னக் கம்பிய நாற்காலி மாதிரி வளைச்சு, மேல தூக்கி வெச்சிருக்கேன். இத மட்டும் மிதிச்சிடாதீங்க. கீழ இறங்குச்சுன்னா, கம்பி இருந்தும் இல்லாத கதைதான்."

"எனக்குத் தெரியாதா கொத்தனாரே?" என்றார் தையற்காரர்.

பாதிக் கலவை போட்டாயிற்று. கீழே ஆட்கள் புரட்டுவது சுலபமாக இருக்கட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, கலவை நீர்த்துப்போய் பலம் குறையும் என்று கொத்தனார் கத்திக்கொண்டே படியிறங்கினார். தையற்காரர் மட்டும் மேலே நின்றார். மச்சினனுக்கு ஒரு போட்டோ அனுப்பினால் என்ன என்று தோன்றியது. செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தார்.

காலுக்கடியில் மளுக்கென்று ஒரு சத்தம். நாற்காலிக் கம்பிகள் சாய்ந்து, நான்கு கம்பிகள் பலகையோடு பலகையாகப் படுத்துவிட்டன. குனிந்து தூக்கிப் பார்த்தார். விட்டதும் மறுபடி படுத்தன. படியில் கொத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்தில் ஒரு சட்டி கலவை தயாராக இருந்தது. தையற்காரர் அதைத் தன் கையாலேயே எடுத்து அந்த நான்கு கம்பிகளின் மேல் கொட்டினார்.

"கம்பியெல்லாம் மேலதான இருக்கு?" என்றார் கொத்தனார்.

"இருக்கு, இருக்கு."

அந்த இரண்டு சொற்களை நம்பி, கொத்தனார் மீதிக் கலவையைப் போட்டு மட்டம் பார்த்துத் தேய்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. மனைவி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான நாள் முதல் அவள் கேட்டது இந்த எட்டடி பால்கனி ஒன்றுதான்.

அன்று பிடித்தது தையற்காரருக்குப் பயம். கான்கிரீட் வெடிக்காமல் இறுகட்டும் என்று காலையும் மாலையும் அவள் பால்கனியில் இறங்கித் தண்ணீர் கட்டுவாள். கீழே முட்டு இருக்கிறது என்று தெரிந்தும் அவருக்கு மனசு கேட்காது. "நீ வா இந்தப் பக்கம், நான் ஊத்தறேன்" என்று குடத்தைப் பிடுங்குவார். அவளோ, இத்தனை வருஷத்துக்குப் பிறகு மனிதருக்குப் புதிதாகப் பாசம் பொங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. கொத்தனார் முட்டுகளைப் பிரிக்க வந்தபோதெல்லாம், "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே" என்றார். வாரங்கள் போய்க்கொண்டிருந்தன.

"வீட்டுக்கு வயசாயிடுச்சா மாமா? கைத்தடி ஊனிக்கிட்டு நிக்குது!" என்று போனில் மச்சினன் கிண்டலடித்தான்.

ஐம்பதாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தைத்த துணியைக் கொடுத்துவிட்டுத் தெருமுனை திரும்பிய தையற்காரர் அப்படியே நின்றுவிட்டார். அவர் இல்லாத நேரத்தில் பிரித்த முட்டுகள் எல்லாம் வாசலில் கிடந்தன. கொத்தனார் அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மேலே பால்கனியில் மனைவி, ஊரிலிருந்து வந்த மச்சினன், அவன் பெண்டாட்டி, இடுப்பில் அவர்கள் குழந்தை.

"என்னங்க, இங்க பாருங்க! நம்ம பால்கனி!" என்று மனைவி கையாட்டினாள்.

தையற்காரரின் கண் சுவரும் பால்கனியும் சேருகிற இடத்துக்குப் போனது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நூல் போல ஒரு விரிசல். நூலைப் பார்த்தே பிழைக்கிறவர் கண்ணுக்கு அது தப்புமா? சத்தம் போட்டால் எல்லோரும் ஒரே ஓட்டமாக ஓடுவார்கள். அந்த அதிர்வைக் கான்கிரீட் தாங்காது.

"உள்ள போங்க," என்றார். குரல் எழும்பவில்லை. "ஒவ்வொருத்தரா... மெதுவா... குழந்தை முதல்ல."

"ஏன் மாமா? யானை வந்து நின்னாலும் தாங்கும்!" என்று மச்சினன் காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி மிதித்தான். ஒரு சில்லு காரை உதிர்ந்து தையற்காரரின் காலடியில் விழுந்தது.

"நான் கம்பிய மிதிச்சுட்டேன்!" தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கான்கிரீட் போட்ட அன்னைக்கே மிதிச்சுட்டேன். மறைச்சுட்டேன். தயவுசெஞ்சு மெதுவா உள்ள போங்க!"

மச்சினனின் முகம் வெளுத்தது. குழந்தையோடு அவன் பெண்டாட்டி போனாள். பிறகு அவன். கடைசியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து மனைவி. அவள் கால் மாடி அறைக்குள் படுகிறவரை தையற்காரர் மூச்சுவிடவில்லை. கொத்தனார் ஓடிப்போய் முட்டுகளை மறுபடி நிறுத்தினார்.

கீழே வந்த மனைவி நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐம்பது நாளா தினமும் நான் அதுல நின்னேன். அப்பகூடச் சொல்லத் தோணலையா? உங்க கௌரவத்தவிட என் உசுரு அவ்வளவு மலிவாப் போச்சா?"



"என் மேலயும் தப்பிருக்கும்மா," என்றார் கொத்தனார். "வாய் வார்த்தைய நம்பினேன். நானே குனிஞ்சு பார்த்திருக்கணும்."

பால்கனியை உடைக்க நான்கு நாள் ஆயிற்று. சுத்தியல் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் தையற்காரர் கடையில் இருந்தபடியே திடுக்கிட்டார். நான்கு கம்பிகளும் அடியில், அவர் மிதித்த இடத்திலேயே அப்படியே கிடந்தன.

மறுபடி பலகை அடித்துக் கம்பி கட்டினார்கள். கான்கிரீட் போடுகிற அன்று, கலவைச் சட்டியை எடுத்துக் கொடுக்கும்போது தையற்காரரின் கால் வழுக்கி மறுபடியும் ஒரு கம்பியை அமுக்கிவிட்டது.

"கொத்தனாரே! மிதிச்சுட்டேன்!"

கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஆட்கள் சிரித்தார்கள். கொத்தனார் வந்து கம்பியைத் தூக்கி, ஒரு நாற்காலிக் கம்பியைச் செருகி, கட்டுக்கம்பியால் முறுக்கினார். பிறகு தானே குனிந்து எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"அவ்வளவுதாங்களா?" என்றார் தையற்காரர்.

"அவ்வளவுதாண்ணே. கலவை ஈரமா இருக்கும்போது சொல்லிட்டா, எந்தத் தப்பையும் கையாலயே தூக்கி வெச்சிடலாம். வெக்கப்பட்டு மூடிட்டோம்னா அது உள்ளயே இறுகிப்போய், நம்மள நம்பி வந்து நிக்கிறவங்களத்தான் கீழ தள்ளும்."