குதிக்காத உடற்பயிற்சி

பேச்சிராஜாவுக்கு மும்பை தாராவியில் ஒரு பெல்ட் பட்டறையில் தையல் வேலை. நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்ததில் நாற்பது வயதாகும் முன்பே தொப்பை மடியில் வந்து இறங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், சர்க்கரை இன்னும் வரவில்லை, உடம்பைக் குறைக்காவிட்டால் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

சொல்வது சுலபம். மனைவி முத்துமாரி ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. விடியும்போதே கிளம்பிவிடுவாள். தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, மகள் பானுமதிக்குத் தலை பின்னி டிபன் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம் பேச்சிராஜாவின் பாடு. நடக்கப் போகலாமென்றால், அவர்கள் சந்தில் எதிரே ஒரு ஆள் வந்தாலே சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அதனால் உலை கொதிக்கிற நேரத்தில் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி என்று முடிவானது. பானுமதி அப்பாவின் போனில் ஒரு வீடியோவைத் தேடிப்பிடித்து, பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, "ஏக், தோ, தீன்" என்று இந்தியில் எண்ண ஆரம்பித்தாள்.

கையை விரித்தால் பாத்திர அலமாரி இடித்தது. குதிக்கத்தான் முடிந்தது. குதித்தான்.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். ஒரு காலையில் ஏணிப்படியில் அழுகைச் சத்தம் ஏறி வந்தது. கீழ்வீட்டு சஃப்ரீன். தோளில் கைக்குழந்தை ஹாஃபிஸா வீறிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. ராத்திரி பூரா தூங்காம இப்பந்தான் கண்ணசந்தா. மேல திமுதிமுன்னு சத்தம் கேட்டு முழிச்சுட்டா. தூசி வேற கொட்டுது."

அவர்கள் தரை சஃப்ரீனுக்குக் கூரை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. "இனிமே குதிக்க மாட்டேம்மா," என்றான்.

சாயங்காலம் முத்துமாரி வந்ததும், "டிவி பெட்டி மாதிரி இப்பிடியே இருந்துட்டுப் போறேன்," என்று நொந்துகொண்டான். அவள் சிரிக்கவில்லை.

"சீக்காயிட்டீங்கன்னா நான் யாருகூட சண்ட போடுவேன்? குதிக்காம செய்யலாம். எங்க ஆஸ்பத்திரில நோயாளிகள நாற்காலியில ஒக்கார வச்சு எந்திரிக்கச் சொல்லுவாங்க. நாற்காலி இல்லாமலே ஒக்கார மாதிரி இருந்து எந்திரிங்க. சத்தமே வராது."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டினாள். பாதியில் அவன் சாய, அவள்மேல் விழ, பானுமதி போர்வைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை இன்னொரு முறை மன்னிப்புக் கேட்கக் கீழே போனான். சஃப்ரீனின் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, குழந்தை அலறிக்கொண்டிருந்தாள். "இங்க குடும்மா," என்று வாங்கிக்கொண்டான். வாங்கியவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி, முத்துமாரி காட்டியதுபோல் உட்காருகிற மாதிரி இருந்தான், எழுந்தான். மறுபடி இருந்தான், எழுந்தான். அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகி, குழந்தை அவன் தோளிலேயே எச்சில் ஒழுகத் தூங்கிப்போனாள்.

"என்ன மாயம் பண்ணுனீங்க அண்ணாச்சி?" என்றாள் சஃப்ரீன், பால் பாத்திரத்தைப் பிடித்த கை அப்படியே நிற்க.

"ஒண்ணுமில்லம்மா. டாக்டர் சொன்னது," என்றான் மூச்சு வாங்கியபடி.

அதிலிருந்து தினமும் உலை வைக்கிற நேரத்தில் ஹாஃபிஸா மாடிக்கு வந்துவிடுவாள். சஃப்ரீன் அந்த நேரத்தில் நிம்மதியாகக் குளித்து முடிப்பாள். பானுமதி இப்போது கிசுகிசுவென்று எண்ணினாள். அப்பா களைத்தால் ஒன்றிரண்டு எண்ணைத் தாண்டிப் போகவும் பழகிக்கொண்டாள். அவன் உடம்பு மெல்ல மெல்லத்தான் இறங்கியது. அதைவிட வேகமாகக் குழந்தையின் எடை ஏறியது. மழைக்காலம் முடிந்து மறுபடி காட்டப் போனபோது டாக்டர், "இப்படியே விடாமல் செய்யுங்கள்," என்றார். அது போதுமாயிருந்தது.

பிறகு சஃப்ரீன் குழந்தையோடு ஊரின் இன்னொரு மூலையில் சீத்தா கேம்ப்பிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை பேச்சிராஜா வெறுங்கையோடு இருந்து எழுந்து பார்த்தான். மனம் ஓடவில்லை. அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தான். அதுவும் சரிப்படவில்லை.

"மூஞ்சி ஏன் இப்பிடித் தொங்குது?" என்றாள் முத்துமாரி. "ஞாயித்துக்கிழம பஸ் பிடிச்சுப் போய்ப் பாத்துட்டு வருவோம்."

போனார்கள். சஃப்ரீனின் அம்மா டீ போட உள்ளே போனாள். பாயில் தவழ்ந்துகொண்டிருந்த ஹாஃபிஸா அவனைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினாள். வாரி எடுத்து, வந்த இடமென்றும் பாராமல் நடுவீட்டிலேயே ஆரம்பித்துவிட்டான். குழந்தை இப்போது தூங்குவதாக இல்லை. அவன் இறங்கும்போதெல்லாம் கிளுகிளுவென்று சிரித்தாள்.

"ஒடம்பு கொறைக்க வந்தீங்களா, புள்ளயப் பாக்க வந்தீங்களா?" என்றாள் முத்துமாரி.

"எண்ணுட்டி பானு," என்றான் அவன் மகளிடம், மூச்சு வாங்க.