முந்நூற்றுப் பன்னிரண்டு பல்புகளும் ஒரு பொய்யும்

1

இந்தக் கதை, ஒரு நிதி விண்ணப்பத்தில் நான் எழுதிய பொய்யிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் கதைச் சுவைக்காக ஒளித்து வைத்தான் என்பீர்கள்.

பொய் இதுதான்: "எங்கள் நினைவுப் பலகையில் முந்நூற்றுப் பன்னிரண்டு விளக்குகள் இரவும் பகலும் எரிகின்றன."

எழுதி முடித்ததும் எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை. என்ன வாக்கியம்!

2

தொடக்கம் ஒன்று: "பென்சில்வேனியாவின் நிலக்கரி மலைகள்மேல் பனி பெய்துகொண்டிருந்த அந்த—"

(அடித்துவிட்டேன். அன்று பனி பெய்யவே இல்லை. ஒரு பொய் போதும்.)

தொடக்கம் இரண்டு: "லெஸ்டர் கப்லோவிட்ஸ் தன் பெயருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்."

இது தேவலை. ஆனால் இது புரிய வேண்டுமானால் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அருங்காட்சியகம் முன்பு யூதர்களின் ஜெபக்கூடமாக இருந்தது. சுரங்கம் மூடி, பிள்ளைகளெல்லாம் ஊரைவிட்டுப் போய், பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் சேராமல் போன வருஷம் அதை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கிழக்குச் சுவரில் பித்தளைப் பலகை இருக்கிறது. அதில் இறந்தவர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் சுண்டைக்காய் அளவு பல்பு. யூத நாட்காட்டிப்படி ஒருவருடைய இறந்த நாள் எந்த வாரம் வருகிறதோ, அந்த வாரம் மட்டும் அவர் பல்பு எரியும். மற்ற வாரங்களில் இருட்டுதான்.

ஞாயிறு காலை லெஸ்டர் வருவார். எண்பத்து மூன்று வயது. கண்ணாடி நெற்றியில் இருக்கும், கையில் நாட்காட்டி. அந்த வாரத்து ஆட்களின் பல்பைக் கால்வாசிச் சுற்று திருகி எரியவிடுவார், போன வாரத்து ஆட்களை அணைப்பார். அவர் மனைவி பெர்னீஸ் போய் ஆறு வருஷமாகிறது. பலகையில் பதிக்கும் பெயர்த் தகட்டை இருவருக்குமாகச் சேர்த்து முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். அதனால் பெர்னீஸுக்குப் பக்கத்தில் லெஸ்டரின் பெயரும் இருக்கிறது, பிறந்த வருஷம் மட்டும் போட்டு. அதற்கும் ஒரு பல்பு உண்டு. ஒருநாளும் எரியாத பல்பு.

"என் பல்புக்கு மட்டும் இன்னும் காரண்டி முடியல, பசங்களா" என்பார் பள்ளிப் பிள்ளைகளிடம். ஆசிரியைகள்தான் நெளிவார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

3

போன குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் படுத்துவிட்டது. பள்ளிக்கூட வருகை, ஞாயிற்றுக்கிழமை மாவைச் சடைபோல் பின்னி ரொட்டி சுடும் வகுப்பு, கல்லறை எழுத்துகளைப் படியெடுக்கும் வேலை எல்லாம் நின்றன. இன்னொரு குளிர்காலம் இப்படியே போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

இயக்குநர் ரோண்டா என்னிடம் சொன்னார்: "கொதிகலனுக்கு எவனும் பணம் தர மாட்டான், பரமு. கதைக்குத் தருவான். நெஞ்சைத் தொடற மாதிரி ஒண்ணு எழுதுங்க."

(நான் யார் என்று சொல்லவில்லை, இல்லையா? மனைவிக்கு இங்கே மருத்துவமனையில் வேலை, பத்தொன்பது வருஷமாக இந்த ஊர். கதை எழுத வந்தவன், விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் யூதன் இல்லை. ஆனாலும் லெஸ்டர் "நம்ம ஆளுங்க" என்று சொல்லும்போது என்னையும் பார்த்துத்தான் சொல்வார்.)

எழுதினேன். கிடைத்தது. ஓர் அறக்கட்டளையிலிருந்து மூன்று வருஷத்துக்கு நிதி, கூடவே ஒரு நிபந்தனை. விண்ணப்பத்தில் வர்ணித்த விளக்குகள் அனைத்தும் பார்வை நேரம் முழுவதும் எரிய வேண்டும். தங்களை உருக்கியதே அந்த வாக்கியம்தானாம்! வியாழக்கிழமை ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார்.

4

"இந்த வாரம் எத்தனை எரியுது?" என்றார் ரோண்டா.

"ஏழு."

"உங்களைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளணும். தள்ளினா அடுத்த விண்ணப்பத்தை யாரு எழுதறது? போங்க, லெஸ்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். நாட்காட்டியை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

"என்னோடதையுமா?"

தலையாட்டினேன். அவர்தான் பேசினார்: "அங்க மேல பெர்னீஸ் சிரிச்சுக்கிட்டு இருப்பா. வீட்ல ஒரு பல்பு மாத்தினதில்ல நான். சரி, பசங்க குளிர்ல நடுங்கக் கூடாது. போடு."

வெட்கத்தில் செத்தேன். வேறு எப்படியும் இதை எழுதத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அறக்கட்டளை அதிகாரி வந்தார், ஓர் அம்மாள். நல்லவர்தான், பலகை முன்னால் உண்மையிலேயே கண் கலங்கினார். பிறகு ஒரு தகட்டைக் காட்டி, "இவருக்கு இறந்த தேதியே காணோமே?" என்றார்.

"பேர் வெட்டறவன் லேட்டும்மா" என்றார் லெஸ்டர், தன் பல்பின் அடியில் நின்றபடி. அவர் பெயர் என்ன என்று அந்த அம்மாள் கேட்கவில்லை.

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் நான் அந்த அம்மாளின் பின்னாலேயே ஓடி, கார்க் கதவைத் தட்டி, உண்மையை— (நானா? ஓடினேனா? பேஷ்.)

இரண்டாவதில் லெஸ்டர் இறந்துபோகிறார். ஞாயிறு காலை ரோண்டா அழுதுகொண்டே பலகையிடம் வருகிறார். லெஸ்டரின் பல்பு எரிகிறது. நேற்றும் எரிந்தது, முந்தாநாளும் எரிந்தது. பலகையில் எதுவுமே மாறவில்லை.

கிழித்துப் போட்டேன். கிழித்ததை லெஸ்டர் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, உன் பாஷைல கதை எழுதறியாமே. நான் வர்றேனா?"

"வர்றீங்க."

"கொன்னுட்டியா?"

"ஒரு தடவை. கிழிச்சுட்டேன்."

"நல்ல மனுஷன்யா நீ."

6

இனி நடந்தது மட்டும்.

அதிகாரி வந்துபோய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன, புதுக் கொதிகலனும் வந்துவிட்டது. இந்த ஞாயிறு பெர்னீஸின் வாரம் தொடங்கியது. லெஸ்டர் சவரம் செய்து, நல்ல கோட்டு போட்டு வந்தார். பழக்கத்தில் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. முந்நூற்றுப் பன்னிரண்டும் எரிந்துகொண்டிருந்தன, பெர்னீஸுடையதும்.

"என் பொண்டாட்டிக்கு ஏத்தறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லையேப்பா" என்றார்.

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பிறகு பெர்னீஸின் பல்பைக் கால் திருகு திருகினார். அணைந்தது. அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில் அந்த ஒரு பெயர் மட்டும் இருட்டாக நின்றது. பக்கத்தில் அவர் பல்பு எரிந்தது.

"இருக்கறவன் எரியறான், போனவ அணைஞ்சிருக்கா. இப்பத்தான் பார்க்கறவனுக்குத் தெரியும், அவ இல்லைன்னு."

இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்லத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அதைச் சொல்லப் பத்து யூதர்கள் வேண்டும். "ஒன்பது பேர் குறையுது. நீ கணக்குல வரமாட்ட. இருந்தாலும் நில்லு" என்றார். நின்றேன்.

(மூன்றாவது முடிவு ஒன்று தோன்றியது: ஊரே வந்து, அவரவர் ஆட்களின் பல்பை அவரவர் வாரத்தில் அணைத்து— அழகாகத்தான் இருக்கிறது. இப்படி அழகாக எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.)

7

இன்று புதன். அறக்கட்டளையின் ஆண்டறிக்கைப் படிவம் என் மேஜையில் இருக்கிறது. நாளை காலை அனுப்ப வேண்டும். நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: "விண்ணப்பத்தில் குறிப்பிட்டபடி அனைத்து விளக்குகளும் எரிகின்றனவா?" கீழே இரண்டு பெட்டிகள். ஆம். இல்லை.

தரைக்கடியில் புதுக் கொதிகலன் உறுமுகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். 'இல்லை' என்று எழுதினால் மிச்ச நிதி நின்றுபோகும், அடுத்த குளிர்காலத்தில் அவர்கள் வர முடியாது. பெர்னீஸின் பல்பு ஞாயிறுவரை அணைந்துதான் இருக்கும். எனக்கு எட்டுகிற உயரம்தான். ஒரு கால் திருகு போதும், இந்த முறை பொய் சொல்லாமலே 'ஆம்' எழுதிவிடலாம்.

இதையெல்லாம் ஏன் தமிழில் எழுதுகிறேன் தெரியுமா? இந்த ஊரில் இதை யாராலும் படிக்க முடியாது. கோழைத்தனம்தான், வேறென்ன. ஆனால் உங்களால் படிக்க முடிகிறதே.

அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன். பெட்டிகள் இரண்டும் காலி. எதில் வேண்டுமானாலும் டிக் அடியுங்கள், நான் தடுக்க மாட்டேன். அடிப்பதற்கு முன் ஒருமுறை கிழக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பாருங்கள். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்த இருட்டுப் பல்புக்குக் காவலாக, அவர் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார்.