தேறியவர்களுக்கு இடமில்லை

இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்து வயதிலிருந்து பாதி நாள் பஞ்சாலைக்கும் பாதி நாள் பள்ளிக்கும் போவார்கள். பதின்மூன்று வயதில் இன்ஸ்பெக்டர் முன்னால் வாசித்து, கணக்குப் போட்டுத் தேறினால் பள்ளி முடிந்தது; அதன்பின் முழுநாளும் தறிக்கூடம். தேறாதவர்கள் இன்னும் ஒரு வருஷம் பெஞ்சில் உட்காருவார்கள். எங்கள் ஹால்ஸ்டெட் குடும்பத்தில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

தம்பி ஜோயல் இறந்தபின் அவன் மனைவி ஹன்னாவும் மகள் செலினாவும் என் வீட்டில்தான் இருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் டீச்சர் மிஸ் கிரிம்ஷா வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மூப்பரே, பதினாலு வயசு வரைக்கும் செலினா பள்ளியில இருந்தா, உதவி டீச்சரா சேத்துக்குவேன். அவளுக்கும் அதுதான் ஆசை."

"இருக்கட்டுமே. தேறிட்டு இருக்கட்டும்."

"தேறின பிள்ளைய ஆலைக்காரங்க விடுவாங்களா? மகளை அனுப்பலன்னா ஹன்னாவோட தறியும் போயிடும். தேர்வன்னிக்கு மட்டும் உடம்பு சரியில்லன்னு அவ வீட்லயே இருக்கட்டும்."

"எங்க வீட்ல யாருக்கும் பொய்க்காய்ச்சல் வராது அம்மா."

செலினா அடுப்புப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளி எங்கள் தேவாலயச் சபையுடையது; நானும் அதில் ஒரு மூப்பன். தேர்வன்று மூப்பர்கள் பின்வரிசையில் உட்காருவது வழக்கம். செலினாவின் முறை வந்தது. இரண்டாவது வரியிலேயே தடுமாறினாள். ஒரு சொல்லை மூன்றாக உடைத்தாள். ஞாயிறுதோறும் எனக்கு வேதம் வாசிக்கிறவள் அவள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று தெரிந்தது.

பக்கத்தில் இருந்த இன்னொரு மூப்பன் ஜேபஸ் குரூக் என் விலாவில் இடித்தான்.

"என்ன மூப்பரே, உங்க வீட்டுக் குதிரையும் நொண்டுதே? எங்க சேத் போன வருஷம் தண்ணி குடிக்கிற மாதிரி வாசிச்சான்."

"உன் மகனுக்கு அந்த ஒரு பக்கம்தான் தெரியும்."

"இவளுக்கு அதுவும் தெரியலையே!"

முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவை மையில் தொட்டார். நான் எழுந்து நின்றேன்.

"செலினா. உங்கப்பா பேரு என்ன?"

"ஜோயல் ஹால்ஸ்டெட், பெரியப்பா."

"அந்தப் பேரை வச்சுக்கிட்டா இப்படி வாசிக்கிற?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மிஸ் கிரிம்ஷாவைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். செலினா புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்துப் பக்கம் முடியும்வரை நிற்காமல் வாசித்தாள். கணக்குகளையும் மளமளவென்று போட்டாள்.

"இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே பொண்ணே," என்றார் இன்ஸ்பெக்டர். நான் குரூக்கை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவள் கட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு ஹன்னாவோடு தறிக்கூடத்துக்குப் போனாள். அழவில்லை. யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. மேஸ்திரி அவளுக்கு இரண்டு தறி கொடுத்தார். நல்ல கை என்று சபையில் என்னிடமே சொன்னார். நான் தலையசைத்தேன்.

குரூக்கின் சின்ன மகள் ஆடா அதே தேர்வில் தவறியவள். மறுவருஷம் எப்படியோ தேறினாள். அதற்குள் பதினான்கு வயதாகிவிட்டது. மிஸ் கிரிம்ஷாவுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவளையே உதவி டீச்சராகச் சேர்த்துக்கொண்டாள்.

அதைக் கேள்விப்பட்ட அன்று இரவுச் சாப்பாட்டில் செலினாவிடம் சொன்னேன். பிறர் வாயிலிருந்து அவள் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

"என்ன பெரியப்பா?" என்றாள். தறிச் சத்தத்தில் காது மந்தமாகியிருந்தது. உரக்க, இன்னொருமுறை சொன்னேன்.

"ஆடாவா? சரி," என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாள்.