வில்மாரின் இரைப்பையில் நீர்

கணையத்தில் புற்றுக்கட்டி. ஐந்து முறை கதிர் பாய்ச்ச வேண்டும். வில்மாருக்கு நான்கு முடிந்துவிட்டது, இன்று கடைசி. கட்டிக்கும் சிறுகுடலுக்கும் நடுவே மூன்றே மில்லிமீட்டர். வயிறு காலியாக இல்லாவிட்டால் குடல் நகர்ந்து கதிரில் வெந்துவிடும். அதனால் மான்டெவிடியோவில் எங்கள் கதிர் அறைக்கு வருகிறவர்களிடம் சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவேன்.

"பச்சத் தண்ணிகூடப் பல்லுல படல மிர்த்தா," என்றார் வில்மார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், பொய் சொல்ல வராது.

ஆனால் கதிருக்கு முன் எடுத்த படத்தில் இரைப்பை நிறைய நீர்.

டாக்டர் இபார்புரு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெறும் வயித்துல இவ்வளவு தண்ணி எப்படி நிக்கும்? கட்டி வளந்து குடல் வாயை அடைச்சிருக்கு. கதிரை நிறுத்திடு. இனிமே வலிக்கு மட்டும்தான் மருந்து."

கண்ணாடிக்கு அப்பால் அந்த மனிதர் கைகளைத் தலைக்குமேல் வைத்தபடி, நான் சொன்னதும் மூச்சைப் பிடிக்கத் தயாராகப் படுத்திருந்தார். அவரிடம் போய் என்னத்தைச் சொல்வது?

டாக்டர் தன் மாத்தே குடுவையை வெந்நீருக்காக என் பக்கம் நீட்டினார்; இலைத்தூளில் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குழலால் உறிஞ்சும் எங்கள் ஊர்த் தேநீர் அது. பிளாஸ்கைச் சாய்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. காலையில் நிரப்பிய முழு லிட்டர்.

அடிப் பாவி, நான்தான். இயந்திரம் மக்கர் செய்து ஒரு மணி நேரம் தாமதம். தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று பேச்சுத்துணைக்குப் போனேன். ஒரே குடுவையை மாற்றி மாற்றி உறிஞ்சினோம். எங்கள் ஊரில் அது மூச்சு விடுவது மாதிரி, மாத்தேயைக் குடித்ததாக யார் சொல்வார்கள்?

"டாக்டர், நான்தான் அவருக்கு மாத்தே குடுத்தேன். பாதி பிளாஸ்க் போயிருக்கும்."

"புத்தி எங்க போச்சு உனக்கு?" என்றவர் முகம் மாறியது. "இரு. உள்ள வரும்போது நானும் ரெண்டு குடுவை குடுத்தேனே."

நான் காலி பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினேன்.

"மூணு மணி நேரம் பாப்போம்," என்றார். "இறங்கலைன்னா, நான் சொன்னதுதான்."

அந்த மூன்று மணி நேரமும் வில்மார் பக்கம் யாரும் மாத்தேயோடு போய்விடாமல் காவல் நின்றேன். வில்மாரை மறுபடி படுக்கவைத்துப் படம் எடுத்தேன்.

இரைப்பை சுருங்கிக் கிடந்தது. குடல் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது, நடுவே அதே மூன்று மில்லிமீட்டர். டாக்டர் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மைக்கை அழுத்தினேன். "அண்ணே, காலையில நீங்க குடிச்சது இப்பதான் இறங்கிச்சு."

"நான் எங்கம்மா குடிச்சேன்?" என்றார் அவர். "மாத்தேதானே போட்டோம்."

"மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றேன்.